கறுப்பு கேட்ட வீடு

செருப்போடயே வாங்கக்கா, வாசல்ல சிமெண்டு சுடும். அந்த நாற்காலியில உக்காருங்க. ஒரு கால் ஆடும், செவத்துப் பக்கமா சாஞ்சுக்கோங்க. எட்டயபுரத்துல இருந்து இந்த வெயில்ல வந்திருக்கீக, மகளுக்குக் கல்யாணம்னு சொல்றீக, ரொம்ப சந்தோசம். ஆனா வந்ததுலருந்து என் மூஞ்சியப் பாக்காம என் கையவே பாத்துக்கிட்டு இருக்கீக. கேக்க வந்ததக் கேட்டுருங்க. கேக்க மாட்டீகளா? சரி, நானே சொல்லிடுறேன்.

மருதாணி போட்டு, தாலி கட்டுற அன்னைக்கு ஒரு பொண்ணோட கை வெந்துபோச்சாமே, அது இந்த வேலுத்தாய்தானா? இதுதான? பஸ் ஸ்டாண்டுல எறங்கி எங்க வீட்டுக்கு வழி கேட்டப்பவே எவளாவது சொல்லியிருப்பா. சொல்லட்டும்.

நான் போடல. மொதல்ல இதக் காதுல வாங்கிக்கோங்க. நான் போடமாட்டேன்னு எந்திரிச்சு வந்தவ. போட்டவள விட்டுட்டு, போடாதவளப் பிடிச்சுக்கிட்டு ஆறு மாசமா ஊரு பேசுது. நான் போர்டைக் கழட்டுனேனா? கழட்டல. வாசல்ல தொங்குது பாத்தீகளா, "வேலுத்தாய் மருதாணி"ன்னு. மழையில எழுத்து கரைஞ்சுபோச்சுன்னு போன வாரம் புதுசா வேற எழுதச் சொன்னேன். முன்னதக் காட்டியும் பெருசா.

நான் தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தவக்கா. பதினேழு வருசம் ஆச்சு அத விட்டுட்டு. பின்னால வேலி பூரா மருதாணிதான். கிட்டப் போகாதீக, முள்ளு சீலையப் பிடிச்சு இழுத்துரும். இலையப் பறிச்சு நெழல்ல காய வைக்கணும். வெயில்ல போட்டா இலையும் வெளுக்கும், சாயமும் செத்துரும். மில்லுல குடுத்து அரைச்சு, பழைய வேட்டியில ரெண்டு தடவ சலிச்சு, எலுமிச்சம்பழச் சாறு விட்டு, கொஞ்சம் சீனி, நாலு சொட்டு நீலகிரித் தைலம். நல்லா ஊறணும். கையில போட்ட அன்னைக்கு ஆரஞ்சாத்தான் இருக்கும். மறுநாள் செவக்கும். மூணாம் நாள் காப்பிக்கொட்டை நெறத்துக்கு வந்து நிக்கும். அதுக்கு மேல போகாது. தலகீழா நின்னாலும் கறுக்காது. கறுத்துச்சுன்னா அது மருதாணி இல்ல, வேற என்னத்தையோ கலந்திருக்குன்னு அர்த்தம். இத நான் யாருகிட்டயும் மறைச்சதில்ல. கேட்டா சொல்லுவேன். மரியாதையாக் கேட்டா சொல்லுவேன்.

அந்தப் புள்ள பேரு கார்த்தீஸ்வரி. மந்தித்தோப்பு ரோட்டுல வீடு. பேங்குல வேலை பாக்குது. அதோட அம்மா ஒரு வாயில்லாப் பூச்சி. தானே வந்து, இதே நாற்காலியில உக்காந்து, "நீங்கதான் வந்து போடணும்"னு வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டாக. வெள்ளிக்கெழம கல்யாணம். புதன்கெழம சாயங்காலம் மெஹந்தி பங்ஷன். இப்பெல்லாம் அப்படித்தான பேரு. மொட்டமாடியில பந்தல் போட்டு, பாட்டு வச்சு, நாப்பது பொம்பளைக உக்காந்திருக்காக. நான் எட்டு கோன் கொண்டு போயிருந்தேன். புள்ளையோட கையப் பிடிச்சுப் பாத்தேன். நல்ல கை. பூனை வயிறு மாதிரி மெத்துன்னு இருந்துச்சு. இதுல செவந்தா எப்படி இருக்கும்னு மனசுல படம் போட்டுக்கிட்டே கோன் முனைய வெட்டுறேன்.

அப்பத்தான் அந்தச் சித்திக்காரி வந்தா. வசந்தான்னு பேரு. செல்போன நீட்டி, இந்தப் படத்துல இருக்க மாதிரி கறுப்பா வேணும்னா. அம்மி மாதிரி கறுப்பு. இது வராதும்மான்னேன். அவளா விடுவா? இந்தப் புள்ள நெறத்துக்குச் செவப்பு எடுக்காதாம். கறுப்புன்னாத்தான் போட்டோவுல தெரியுமாம். அதுவும் அரை மணி நேரத்துல காயணுமாம், ஆட்டம் ஆடணுமாம்.

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. இருந்தாலும் பொறுமையாத்தான் சொன்னேன். மாநிறக் கையிலதான் மருதாணி கதை சொல்லும், நாளன்னைக்குக் காலையில பாருங்கன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? இந்தப் பக்கம் திரும்பி, நாப்பது பேருக்கும் கேக்குற மாதிரி.

"இலையப் பறிச்சு அரைக்கிறவுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

சிரிச்சாளுக அக்கா. நாப்பது பேரும் சிரிக்கல, பொய் சொல்லக்கூடாது. ஒரு ஏழெட்டுப் பேர் சிரிச்சாளுக. அது போதாதா? பதினேழு வருசத்துல இந்த ஊருல எத்தன கை, எத்தன கால் செவக்க வச்சிருக்கேன். அந்தச் சிரிச்சவளுகள்ல ரெண்டு பேருக்கு அவளுக கல்யாணத்துக்கே நாந்தான் போட்டேன். கோன எல்லாம் எடுத்துக் கூடையில வச்சேன். எந்திரிச்சேன்.

அந்த அம்மா ஓடி வந்து கையப் பிடிச்சுக்கிட்டாக. சின்னவ ஏதோ தெரியாமப் பேசிட்டா, நீங்க உக்காருங்கன்னாக. நான் உக்காரல. அப்ப வேற யாரு போடுவாகன்னு கேட்டாக. பாவம், தவிச்சுப்போய்தான் கேட்டாக. நான் சொன்னேன், "சந்தனமாரி போடுவா. கறுப்பு கேட்டா கறுப்பு போடுவா, நீலம் கேட்டா நீலம் போடுவா."

சந்தனமாரி யாருன்னு கேப்பீகளே. என் கூடப்பொறந்த தம்பி பொண்டாட்டி. எங்கூடயே அஞ்சு வருசம் வந்துக்கிட்டு இருந்தா. பெறகு பஜார்ல தனியா பார்லர் வச்சுட்டா. கண்ணாடி, சுத்துற நாற்காலி, ஏசி. வைக்கட்டும், எனக்கென்ன. ஆனா தெறப்பு விழாவுக்குப் பத்திரிக்கை அடிச்சா பாருங்க, அதுல எம் பேரு இல்ல. சொந்த மதினி பேரு இல்ல. சரி, அது வேற கதை. அவ நம்பர நான் மனப்பாடமாச் சொல்லி, அந்தம்மாவுக்கு எழுதியே குடுத்தேன். உதவி கேட்டவுகளுக்கு உதவி செய்யாமப் போகலாமா?

மாடிப்படி எறங்கி வாசலுக்கு வந்துட்டேன். பின்னாலயே வெறுங்காலோட அந்தப் புள்ள ஓடி வந்துச்சு. கல்யாணப் பொண்ணு, அம்புட்டுப் பேர விட்டுட்டு எம் பின்னால வருது. "அத்தை, கறுப்பு போட்டா ஏதும் ஆகுமா?"ன்னு கேட்டுச்சு. நான் இரும்புக் கேட்டத் தெறந்துக்கிட்டே, "ஒங்க சித்தியக் கேளு தாயி, அவுகளுக்குத்தான் எல்லாம் தெரியும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அவமானப்பட்டவ வேற என்ன சொல்லுவா? வாய்க்குச் சரியான பதில்தானக்கா?

வியாழக்கெழம ஒரு சத்தமும் இல்ல. வெள்ளிக்கெழம காலையில ஆறரை மணிக்கு, நான் வேலியில இலை பறிச்சுக்கிட்டு நிக்கேன், அந்தப் புள்ளையோட தாய்மாமன் பைக்கில வந்து நிக்காரு. எறங்கக்கூட இல்ல. "ஏறு, மண்டபத்துக்கு வா, நீ பண்ணுன காரியத்த வந்து பாரு"ன்னாரு. என்ன ஏதுன்னு கேக்க விடல. கட்டியிருந்த சீலையோட ஏறிப் போனேன்.

மணப்பொண்ணு ரூமுல அது உக்காந்திருக்கு. பட்டுச்சீல, நகை, தலை நெறையப் பூ. ரெண்டு கையயும் வாழை இலை மேல மல்லாக்க வச்சிருக்கு. கோடு போட்ட எடமெல்லாம் தடிச்சு எழும்பி, பூ வரைஞ்ச எடத்துல நீர் கோத்துக் கொப்புளம். கொடி போனபடியே கொப்புளம் போயிருக்கு. புறங்கை வீங்கி வளையல் உள்ள அழுந்தி, ஒண்ணொண்ணா ஒடச்சு எடுத்திருக்காக. அழுது அழுது மை எல்லாம் வழிஞ்சுபோய், அழுகிறதக்கூட நிறுத்திட்டு உக்காந்திருக்கு.

தாய்மாமன் கத்துறாரு, வந்திருந்தவுக எல்லாம் கத்துறாக. நான் கூடையோட அந்த வீட்டுக்குள்ள போனத ஊரே பாத்திருக்கு. நான் போடாமத் திரும்புனதப் பாத்தவுக நாப்பது பேரு. அந்த நாப்பதுல ஒருத்தி வாயத் தெறக்கணுமே? தெறக்கல. சித்திக்காரி ஒரு மூலையில நின்னு செவத்தப் பாக்கா. பொண்ணோட அம்மாவுக்கு மயக்கம். நான் போடலய்யா, நான் போடலய்யான்னு நான் சொல்றேன், யாரு காதுலயும் ஏறல.

அந்த நேரம் மாப்பிள்ளையோட அம்மா உள்ள வந்தாக. சத்தமே போடல, அதுதான் பயமா இருந்துச்சு. கையக் குனிஞ்சு பாத்தாக. நிமிந்தாக. "இது மருதாணியில வந்ததில்ல. பொண்ணுக்குத் தோல் வியாதி இருந்திருக்கு, மறைச்சுட்டீக"ன்னாக. அம்புட்டுத்தான். முகூர்த்தத்துக்கு முக்கா மணி நேரம் இருக்கு, வெளிய நாதசுரம் வாசிக்கான், அந்தம்மா தன் ஆளுகளப் பாத்து, சாமான் எல்லாம் வண்டியில ஏத்துங்கன்னு சொல்லிட்டாக. அந்தப் புள்ளையோட அப்பா, பெரிய மனுசன், சம்பந்தி கால்ல விழுகிறதுக்குக் குனியுறாரு அக்கா.

நான் பாத்தேன். என் மேல பழி வந்தது கெடக்கட்டும், ஒரு புள்ளையோட வாழ்க்கையில்ல போகுது? கூட்டத்த வெலக்கிக்கிட்டு முன்னால போனேன். அப்ப நான் முழுக்கை ஜாக்கெட்டுத்தான் போடுவேன், மணிக்கட்டு வரைக்கும். எடது கைத் துணிய மேல ஏத்துனேன். ஏறல, தையல் இறுக்கம். பல்லால கடிச்சுக் கிழிச்சேன்.

இந்தா பாருங்க. நீங்களும் பாருங்கக்கா, அதுக்குத்தான வந்ததுலருந்து கண்ணு அங்க போகுது. முழங்கையிலருந்து மணிக்கட்டு வரைக்கும், கொடி மாதிரி போகுதா? அஞ்சு இலை, ஒரு மாங்கா. தொட்டுப் பாருங்க, மேடு தட்டும். மதுரையிலருந்து ஒருத்தன் வந்து, பத்தே நிமிசத்துல கறுக்கும், புதுச் சரக்குன்னு ஒரு பெட்டி கோன் குடுத்துட்டுப் போனான். இந்தப் புள்ள கல்யாணத்துக்கு முந்தி ஒரு அஞ்சு வருசம் இருக்கும். ஊரான் வீட்டுப் புள்ள கையில போடுறதுக்கு முன்னால என் கையில போட்டுப் பாப்பமேன்னு போட்டேன். அந்த நேர்மை எனக்கு எப்பவும் உண்டு. மறுநாள் அரிச்சுச்சு. மூணாம் நாள் நீர் கோத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பாத்ததும் சொல்லிட்டாக, தலைக்கு அடிக்கிற டையில இருக்க மருந்து இது, இனி தொடாதன்னு. பெட்டியோட குப்பையில போட்டேன். ஜாக்கெட்டு எல்லாத்தையும் முழுக்கையா மாத்தித் தச்சேன். தொழில் பண்றவ கையில புண்ணு இருந்தா எவ கூப்பிடுவா சொல்லுங்க? யாருக்கும் காட்டல. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அஞ்சு வருசம் காட்டாம வச்சிருந்தத அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால காட்டுனேன்.

மாப்பிள்ளையோட அம்மா மூஞ்சிக்கு நேர கைய நீட்டி, "இது வியாதியில்ல தாயி. கறுப்புக் கோன் போட்டா இப்படித்தான் வரும். எனக்கும் வந்துச்சு. மூணு வாரத்துல ஆறிருச்சு. அந்தப் புள்ள ஒடம்புல ஒரு கொறையும் இல்ல"ன்னேன்.

அந்தம்மா என் கையையும் பாத்தாக, புள்ளையோட கையையும் பாத்தாக. ரெண்டுலயும் ஒரே மாதிரி கொடி. கதவுகிட்ட மாப்பிள்ளை வந்து நின்னத யாரும் கவனிக்கல. அதிகம் பேசாத பையன் போல. "அம்மா, தாலி கழுத்துலதான கட்டப் போறேன்"ன்னான். அம்புட்டுத்தான் சொன்னான். சாமான் ஏத்துனவுக எறக்கிட்டாக. கல்யாணம் நடந்துச்சு. சுத்தி வரும்போது சுண்டுவெரலப் பிடிக்கணும்ல? அவன் புள்ளையோட முழங்கையப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தி வந்தான், கண்ணாடிப் பாத்திரத்தத் தூக்கிட்டு வர்ற மாதிரி.

யாரால நடந்துச்சு அந்தக் கல்யாணம்? என்னால. நான் ஜாக்கெட்டுக் கையக் கிழிச்சுக் காட்டலன்னா நடந்திருக்குமா? ஒரு நன்றி உண்டாங்கீக? நான் காட்டுன நிமிசத்துலருந்து ரூமுல ஒருத்தரும் எங்கூடப் பேசல. தாய்மாமன் கத்துறத நிறுத்திட்டாரு. மன்னிப்புக் கேக்க வாய் வரலன்னு நெனைச்சேன். என்னையவே ஒரு மாதிரி பாத்தாக. அந்தப் புள்ளையும் பாத்துச்சு. பழி போட்டுட்டோமேன்னு வெக்கம்னு நெனைச்சுக்கிட்டு, சாப்பிடாமக்கூட நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன்.

வெக்கமாவது ஒண்ணாவது. மறுவாரம் சந்தனமாரி வந்து வாசல்ல நிக்கா. உள்ள வரச் சொன்னேன், வரல. நின்ன எடத்துலயே அழுதா. மாத்திரை மருந்து, ஆஸ்பத்திரின்னு அந்தப் புள்ளைக்கு அவதான் கூடப் போயி வந்துக்கிட்டு இருந்திருக்கா. தப்புப் பண்ணவ போகட்டும். அதுக்குப் பெறகு என்ன சொல்றா, "எனக்குத் தெரியாது மதினி. சத்தியமாத் தெரியாது. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ங்கா. என்ன நியாயம் பாருங்க. கடை வச்சா, பேரு போட மாட்டா, கோன் வாங்குனா, கேக்க மாட்டா, கை வெந்தா மட்டும் மதினி வேணும். நான் கதவச் சாத்திட்டேன். தம்பி அன்னையோட பேச்ச நிறுத்திட்டான். நிறுத்தட்டும். எங்க வீட்டுக்காரர் சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே, "அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம் தாயி"ன்னாரு. அவரும். எல்லாரும் கூடிப் பேசி வச்ச மாதிரி ஒரே பாட்டு. போட்டவளக் கேக்கல, போடச் சொன்னவளக் கேக்கல. என்னையக் கேக்காக.

அதுலருந்து நான் முழுக்கை தைக்கிறதில்ல. பாக்குறவுக பாக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கென்ன பயம்?

தை மாசம் அந்தப் புள்ள வந்துச்சு. மாப்பிள்ளை பைக்க அங்கிட்டு வேப்பமரத்தடியில நிறுத்திட்டு நின்னுக்கிட்டாரு, புள்ள மட்டும் உள்ள வந்துச்சு. இங்கதான், கீழ, தரையில உக்காந்துச்சு. கைய நீட்டுச்சு. கொப்புளம் எல்லாம் ஆறியிருக்கு. ஆனா பூவும் கொடியும் போகல, வெளுப்பும் கருப்புமா அப்படியே பதிஞ்சு கெடக்கு. பேங்குல பணம் குடுக்கும்போது எல்லாரும் கையத்தான் பாக்காகளாம். இது மேல ஒங்க மருதாணி போட்டு மறைச்சு விடுவீகளா அத்தைன்னு கேட்டுச்சு.

நான் கோவமா இருந்தாலும் தொழில்னு வந்தா தொழில்தானக்கா. வெளிச்சத்துக்குக் கையக் கொண்டு போய்ப் பாத்தேன். ரெண்டு எடத்துல தோலு இன்னும் மெலிசா, ரோஸ் கலர்ல இருக்கு. இப்ப போடக்கூடாதுன்னேன். எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே எரியும். முழுசா ஆறணும், டாக்டரு சரின்னு சொல்லணும். அப்பவும் மொதல்ல காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சு ரெண்டு நாள் பாக்கணும். இன்னொண்ணு, இனி சென்மத்துக்கும் தலைக்கு டை அடிக்காத, யாரு சொன்னாலும் அடிக்காத, இந்தக் கை வெந்த மாதிரி தலையும் மூஞ்சியும் வீங்கிரும்னு சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன்.

அது எல்லாத்தையும் கேட்டுச்சு. எந்திரிச்சு, சுடிதாரத் தட்டி விட்டுச்சு.

"இதையாவது சொன்னீங்களே"ன்னுச்சு.

கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நான் ரெண்டு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். சாதாரணமாச் சொல்லுச்சு, வாரேன்னு சொல்ற மாதிரி. பைக்குல ஏறிப் போயிருச்சு. என்ன திமிரு பாருங்க. கல்யாணத்த நடத்தி வச்சவ நான். அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால ஜாக்கெட்டக் கிழிச்சுக்கிட்டு நின்னவ நான். அதுக்குப் பெறகு ரெண்டு நாளு எனக்கு இலை பறிக்கவே ஓடல. முள்ளுல கைய வச்சு வச்சு எடுத்தேன். எதுக்கு ஓடலன்னா, அந்தத் திமிருலதான். வேற ஒண்ணும் இல்ல.

நீங்க சொல்லுங்கக்கா. நான் போட்டேனா? போடல. போடச் சொன்னேனா? சொல்லல. அப்ப எம் மேல என்ன தப்பு? மறுபடியும் என் கையவே பாக்கீக. சரி, விடுங்க, ஊரு சொல்றத நம்பிக்கிட்டு எந்திரிச்சுப் போறதுன்னாலும் போங்க. கூப்பிட ஆள் இல்லாம ஒண்ணும் நான் இங்க உக்காந்திருக்கல. பங்குனியில நாலு கல்யாணம் இருக்கு. ரெண்டுதான் உறுதி, ரெண்டு சொல்லி விட்டிருக்காக.

என்ன, போகலயா? அப்ப சரி. முகூர்த்தம் என்னைக்கு? ஞாயித்துக்கெழமயா? அப்ப வியாழக்கெழம சாயங்காலம் வருவேன். "வெள்ளிக்கெழம வச்சுக்கிடுவோம், அன்னைக்குத்தான் பங்ஷன்"னு யாரும் எங்கிட்டப் பேசக்கூடாது. கறுப்புன்னு எவளாவது வாயத் தெறந்தா அந்த நிமிசமே... 

இல்ல, எந்திரிச்சு வந்துற மாட்டேன். உக்காருங்க. மக இப்ப வீட்டுல இருக்கா? போனப் போட்டு எங்கிட்டக் குடுங்க. ஒங்ககிட்டச் சொல்லி நீங்க சொல்றது வேண்டாம், அவகிட்டயே பேசுறேன். தலைக்கு ஏதும் டை அடிக்கிற பழக்கம் உண்டா, இதுக்கு முன்னால கடைக் கோன் ஏதும் போட்டு அரிச்சிருக்கான்னு கேக்கணும்.

எதுக்கா? எதுக்கும் இல்லக்கா. சும்மாதான் கேக்கேன். போடுங்க.